சிகிச்சை பலன் தருகிறதா? செஷனுக்குச் செஷன் அளந்து பார்க்கத் தயங்கும் தெரபிஸ்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நம் ஊரில் முதலில் வரும் பதில் "பரவாயில்லைங்க". காய்ச்சல் இறங்கினாலும் பரவாயில்லை. மூன்று நாளாகக் கண்மூடவில்லை என்றாலும் பரவாயில்லை. கேட்டவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவும் அதே பரவாயில்லைதான். அந்த ஒரு சொல்லை அப்படியே நம்பி நான் செய்த தவறுதான் இதை எழுத வைக்கிறது.

முப்பதுகளில் இருந்த ஒரு பெண் மனச்சோர்வுக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். கொடுத்த பயிற்சிகளைக் கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதி வருவார். கிளம்பும்போது "இங்க வந்து பேசினா மனசு லேசாகுது மேடம்" என்பார். ஆறு செஷன் நடந்தது. ஆறு முறையும் ஃபைலில் "முன்னேற்றம் உள்ளது" என்று எழுதினேன். ஏழாவது வாரம் அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு மனநல மருத்துவர் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. நான்காவது வாரத்திலிருந்தே இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். தூக்கம் இரண்டு மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மருத்துவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மேடம் அவ்வளவு பாடுபட்டாங்க. சரியாகலன்னு எப்படிச் சொல்றது?"

ஒவ்வொரு செஷனிலும் ஒரு தாளை அவர் கையில் கொடுத்திருந்தால் நான்காவது வாரமே எனக்குத் தெரிந்திருக்கும். வாயால் சொல்லக் கூச்சப்படுவதைப் பலர் பேனாவால் சொல்லிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு சின்னக் கேள்வித்தாளைச் செஷனுக்குச் செஷன் நிரப்பச் சொல்லி, ஸ்கோரை வரைபடத்தில் குறித்து, கிளையன்ட்டும் நாமும் சேர்ந்து பார்ப்பது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் 1996-லேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். 'இந்தச் சிகிச்சை பொதுவாகப் பலன் தருமா' என்ற கேள்வியோடு, 'இந்த ஆளுக்கு, இப்போது, பலன் தருகிறதா' என்றும் கேட்கவேண்டும் என்றார்கள். அதன் பிறகும் பெரும்பாலான தெரபிஸ்டுகள் இதைச் செய்வதில்லை. அதனால் கேள்வித்தாளுக்கு முன்னால் நம் மனதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: உங்கள் தயக்கம் எது என்று கண்டுபிடியுங்கள்

2004-ல் ஹேட்ஃபீல்டும் ஓகிள்ஸும் அமெரிக்காவில் 874 உளவியலாளர்களிடம் கேட்டார்கள். 37 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு அளவுகோலைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்ன காரணங்களில் நேரம் இல்லை, எழுத்து வேலை கூடுகிறது, கிளையன்ட்டுக்குத் தொந்தரவு என்பவைதான் முன்னால் நின்றன. 2018-ல் ஜென்சன்-டாஸ் குழு 500-க்கும் மேற்பட்ட சிகிச்சையாளர்களிடம் கேட்டபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. அளப்பது நல்லது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாதம் ஒருமுறையாவது அளப்பவர்கள் 14 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள், 60 சதவீதத்துக்கும் மேல் ஒருமுறைகூடச் செய்ததில்லை. நல்லது என்று தெரிந்தும் கை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

எது தடுக்கிறது? என்னையும் என்னோடு வேலை செய்தவர்களையும் வைத்துச் சொல்கிறேன்.

"எனக்கே தெரியுமே" என்ற நம்பிக்கை முதலாவது. முகத்தைப் பார்த்தால் தெரியாதா, நடையைப் பார்த்தால் தெரியாதா என்கிறோம். 2005-ல் வெளிவந்த ஹன்னன் குழுவின் ஆய்வு என்னை உலுக்கியது இந்த இடத்தில்தான். ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் 550 கிளையன்ட்டுகள். இவர்களில் யார் மோசமாகப் போகிறார்கள் என்று தெரபிஸ்டுகளிடம் கேட்டார்கள். பொதுவாக 8 சதவீதம் பேர் மோசமாவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்கள். தெரபிஸ்டுகள் மொத்தமாகவே 3 பேரைத்தான் கைகாட்டினார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கைகாட்டிய மூவரில் ஒருவர் மட்டுமே அந்த 40 பேரில் இருந்தார். அந்தத் தெரபிஸ்டுகள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாளெல்லாம் நம்பிக்கை கொடுத்தே பழகிய மனதுக்கு நம்பிக்கைதான் கண்ணில் படும். 2012-ல் வால்ஃபிஷ் குழு 129 மனநலப் பணியாளர்களைத் தங்கள் திறமைக்குத் தாங்களே இடம் கொடுக்கச் சொன்னபோது, சராசரி ஆள் தன்னை 100 பேரில் 80 பேருக்கு மேலான இடத்தில் வைத்துக்கொண்டார். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. நானும் அன்று அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டாவது, "மனுஷனை எண்ணுக்குள்ள அடைக்க முடியுமா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அடைக்க முடியாதுதான். ஆனால் தெர்மாமீட்டர் யாரையும் எண்ணுக்குள் அடைப்பதில்லை. நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் அம்மாவும் அதை வாங்கி வைத்திருக்கிறார், கை வைப்பதையும் நிறுத்துவதில்லை.

மூன்றாவது, இந்த ஸ்கோரை மேலே இருப்பவர்கள் நமக்கு எதிராகப் பயன்படுத்துவார்களோ என்ற பயம். இது முழுக்க நியாயமான பயம். கடைசிப் படியில் இதற்குத் தனியாக வருகிறேன்.

நேரம் இல்லை என்பதற்குப் பதில் சுருக்கம்: நான்கு கேள்வித் தாளுக்கு ஒரு நிமிடம், ஒன்பது கேள்வித் தாளுக்கு மூன்று நிமிடம் ஆகும். 45 கேள்வித் தாளை எடுத்தால் நேரம் போகத்தான் செய்யும், அதைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள்.

இந்த நான்கில் உங்களுடையது எது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள். எழுதாமல் போனவர்கள் இரண்டு வாரம் செய்துவிட்டு நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒரே ஒரு அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

மனச்சோர்வோடு வருபவர்கள் அதிகம் என்றால் பிஹெச்க்யூ-9. 2001-ல் குரோன்கே, ஸ்பிட்ஸர், வில்லியம்ஸ் மூவரும் வெளியிட்டது. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஸ்கோர் 5-ஐத் தொட்டால் லேசானது, 10 மிதமானது, 15 மிதத்துக்கும் கூடுதல், 20-ம் அதற்கு மேலும் கடுமையானது. கட்டணம் இல்லை. தமிழ் வடிவமும் இருக்கிறது. பதற்றத்துக்கு ஜிஏடி-7: 7 கேள்விகள், மொத்தம் 21, அதே 5, 10, 15 படிநிலைகள்.

பலவிதப் பிரச்சினைகளோடு வருபவர்களுக்கு ஓஆர்எஸ் (அவுட்கம் ரேட்டிங் ஸ்கேல்) பொருந்தும். ஸ்காட் மில்லரும் பேரி டங்கனும் சகாக்களோடு சேர்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள் இருக்கும்: தன் நலம், நெருங்கிய உறவுகள், வேலையும் வெளி வட்டமும், மொத்தத்தில் எப்படி. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குறி போடவேண்டும், ஸ்கேல் வைத்து அளந்து கூட்டினால் 40-க்கு ஒரு எண் வரும். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் உதவி தேவைப்படும் அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். இதன் ஜோடி எஸ்ஆர்எஸ் (செஷன் ரேட்டிங் ஸ்கேல்). அது கிளையன்ட்டைப் பற்றிக் கேட்காது, இன்றைய செஷனைப் பற்றிக் கேட்கும். 40-க்கு 36-க்குக் கீழே வந்தால் பேசவேண்டும். இவற்றுக்கு உரிமம் உண்டு, விதிகளைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாம்பர்ட்டும் கேரி பர்லிங்கேமும் உருவாக்கிய, 45 கேள்விகள் கொண்ட ஓக்யூ-45 இந்தத் துறையின் பெரிய ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை. தனியாக வேலை செய்யும் ஆலோசகருக்கு அது கொஞ்சம் பாரம்.

இவற்றோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். முதல் செஷனில் "எது சரியானா நீங்க இங்க வரவேண்டிய அவசியம் இருக்காது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே தாளின் அடியில் எழுதிவிடுவேன். "தனியா பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய் வரணும்" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பத்துக்கு எத்தனை என்று வாராவாரம் கேட்டேன். மற்ற கேள்விகளைவிட அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாம் படி: முதல் தடவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது

அலுவலகப் படிவம் மாதிரி நீட்டினால் அலுவலகப் படிவம் மாதிரிதான் நிரப்புவார்கள். நான் இப்படிச் சொல்வேன்:

"ஒவ்வொரு தடவையும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சின்னத் தாளை நிரப்பித் தாங்க. இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. நான் செய்யறது உங்களுக்கு உதவுதான்னு எனக்குத் தெரியணும். உதவலேன்னா மாத்திக்கிறது என் வேலை. மார்க் கூடினாலும் குறைஞ்சாலும் எனக்கு வருத்தம் கிடையாது. உண்மை தெரியாம இருந்தாதான் வருத்தம்."

கடைசி இரண்டு வரிகளைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் குறை சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். அனுமதியை வாய்விட்டுக் கொடுக்காவிட்டால் அது கிடைத்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், தாளை யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் கிளையன்ட் தனியாக வருவது குறைவு. வெளியே கணவர் இருப்பார், மாமியார் இருப்பார், அண்ணன் இருப்பார். காத்திருக்கும் இடத்தில் தாளைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "தூக்கம் நல்லாத்தானே வருது, ஏன் இப்படிப் போடறே?" என்று திருத்திவிடுவார். மகனின் தாளை அம்மாவே நிரப்பிக் கொண்டுவந்ததும் நடந்திருக்கிறது. "அம்மா, நீங்க பாத்ததை என்கிட்ட தனியா சொல்லுங்க, அதுவும் முக்கியம்தான். இதை மட்டும் தம்பியே போடட்டும்" என்று அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, பையனை உள்ளே அழைத்துப் புதுத் தாள் கொடுத்தேன். அம்மாவின் தாளுக்கும் அவன் தாளுக்கும் 9 புள்ளி வித்தியாசம்.

நான்காம் படி: நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை

எப்போதும் செஷன் தொடக்கத்தில், அறைக்குள்ளே நிரப்பட்டும். பேசி முடித்த பிறகு கொடுத்தால் பேசியதால் வந்த ஆறுதலையும் சேர்த்து அளந்துவிடுவோம். எஸ்ஆர்எஸ் மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில்.

பிஹெச்க்யூ-9-ல் ஒரு மொழிச் சிக்கல் உண்டு. 1 மதிப்பெண்ணுக்கான விடை தமிழில் 'பல நாட்கள்' என்று வரும்போது காதுக்கு அது நிறைய நாட்கள் என்றே கேட்கிறது. அடுத்த விடையான 'பாதி நாட்களுக்கு மேல்' என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் புரியாமல் பலர் திணறுவார்கள். கேள்வித்தாளின் சொல்லை மாற்றாமல், 14 நாளை விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள்: 2 முதல் 6 நாள் என்றால் 1, 7 முதல் 11 நாள் என்றால் 2, அதற்கும் மேல் என்றால் 3. இது தெளிந்தால் தாளுக்கு நம்பகத்தன்மை வந்துவிடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு நாமே வாசிக்கலாம். ஏற்ற இறக்கமில்லாத குரலில், எல்லா வாரமும் ஒரே மாதிரி வாசிக்கவேண்டும். "தூக்கம் பரவாயில்லைதானே?" என்று கேட்டுவிட்டால் பதிலை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

ஓஆர்எஸ் கோட்டைப் பார்த்து ஒரு பெரியவர் குழம்பிப்போனார். எழுபது வயதுக்கு மேல். பேனாவை வாங்கி, கோடு போட்டுக் காட்டச் சொல்கிறேன் என்று நினைத்து, அச்சடித்த கோட்டின் மேலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பத்து, எட்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், பிடிபடவில்லை. "ஐயா, முழுசா நல்லா இருந்த காலத்தை ஒரு ரூபாய்னு வச்சுக்கங்க. இப்ப எவ்வளவு இருக்கு?" என்றேன். சட்டென்று, "கால்வாசிதாம்மா" என்றார். கால், அரை, முக்கால் என்று பேசியே பழகியவர் அவர். ஸ்கேலை வைத்து இரண்டரை சென்டிமீட்டரில் குறித்தோம். மூன்றாவது வாரம் அவரே பேனாவை எடுத்துக் "கால்வாசிக்கும் அரைவாசிக்கும் நடுவுல" என்று புள்ளி வைத்தார்.

எண்ணைக் கூட்டும் முன்னால் முதலில் பார்க்கவேண்டியது பிஹெச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது அது. அங்கே 0 தவிர எது இருந்தாலும் அன்றைய திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுங்கள். "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? அதுக்கானது கைக்கு எட்டற இடத்துல இருக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. யாரை உடனே அழைப்பது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது அறைக்குள்ளேயே முடிவாகவேண்டும். மனநல உதவிக்கு இந்தியாவில் அழைக்கவேண்டிய டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டு எண்களையும் தாளின் அடியிலேயே அச்சடித்து வையுங்கள். இந்தத் தாளை வாங்கி, பார்க்காமல் ஃபைலில் வைப்பதைவிட ஆபத்தான பழக்கம் நம் தொழிலில் குறைவு.

ஐந்தாம் படி: வரைபடத்தைப் படிப்பது

கட்டம் போட்ட தாள் போதும். கீழே செஷன் எண், பக்கவாட்டில் ஸ்கோர். முதல் புள்ளியை வைத்ததும் எல்லைக்கோட்டையும் இழுத்துவிடுங்கள், பிஹெச்க்யூ-9-க்கு 10.

17, 15, 16, 14 என்று போனால் என்ன அர்த்தம்? ஒன்றும் அவசரமாகச் சொல்ல முடியாது. எந்த அளவுகோலிலும் தானாகவே ஏறி இறங்கும் ஆட்டம் உண்டு. பிஹெச்க்யூ-9-ல் 6 புள்ளியாவது நகர்ந்தால்தான் நம்பத்தக்க மாற்றம் என்று இங்கிலாந்தின் பொது மனநலச் சேவை எடுத்துக்கொள்கிறது. ஜிஏடி-7-க்கு 4. ஓக்யூ-45-க்கு 14. ஓஆர்எஸ்ஸுக்கு 5, 6. ஒரு புள்ளி குறைந்ததற்குக் கொண்டாடவும் வேண்டாம், ஒரு புள்ளி கூடியதற்குக் கலங்கவும் வேண்டாம்.

எத்தனை வாரம் பொறுப்பது? ஹோவர்டின் 1986 ஆய்வுப்படி, 8 செஷனுக்குள் பாதிப் பேர் முன்னேறிவிடுகிறார்கள், 26 செஷனில் முக்கால்வாசிப் பேர். முன்னேறுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். அதனால் நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி: நான்காவது செஷனுக்குள் கோடு அசையவில்லை என்றால் கிளையன்ட்டிடமே எடுத்துப் பேசுவேன். ஆறாவதிலும் அசையவில்லை என்றால் என் வேலையை மேற்பார்க்கும் சூப்பர்வைசரிடம் கொண்டுபோவேன். பிஹெச்க்யூ-9 முதல் ஸ்கோரைவிட 6 கூடிவிட்டால் அன்றைக்கே.

ஆறாம் படி: கோடு அசையாதபோது செய்ய வேண்டியது

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இதைச் செய்யாமல் முந்தைய ஐந்தையும் செய்தால் தாள்தான் சேரும்.

லாம்பர்ட்டின் குழு, கிளையன்ட் எப்படிப் போகிறார் என்று தெரபிஸ்டுக்கு வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் தகவல் அனுப்பிப் பார்த்தது; மஞ்சளும் சிவப்பும் பின்தங்குகிறார் என்ற எச்சரிக்கை. ஷிமொகாவாவும் சகாக்களும் 2010-ல் அந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எச்சரிக்கை இல்லாத குழுவில், பின்தங்கியவர்களில் 20 சதவீதம் பேர் தொடங்கிய நிலையைவிட மோசமாகப் போனார்கள். எச்சரிக்கை கிடைத்தபோது அது 9 சதவீதமாகக் குறைந்தது. எச்சரிக்கையோடு 'எங்கே சிக்கல் என்று இந்த வரிசையில் பார்' என்று ஒரு உதவித் தாளும் கொடுத்தபோது 6 சதவீதத்துக்கும் கீழே போனது.

அந்த வரிசையை நான் எனக்குத் தகுந்த மாதிரி வைத்திருக்கிறேன். முதலில் எங்கள் இருவருக்கும் இடையே ஏதாவது இடறுகிறதா. பிறகு, மாறவேண்டும் என்ற விருப்பம் அவருடையதா, வீட்டில் தள்ளிவிட்டதால் வந்தாரா. சாய்ந்துகொள்ள யாராவது இருக்கிறார்களா. சமீபத்தில் சாவு, கடன், வேலை இழப்பு என்று ஏதாவது நடந்ததா. கடைசியாக, மருந்துக்காக மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நிலையா, தைராய்டு, ரத்தசோகை மாதிரி உடல் காரணம் பார்க்கப்பட்டதா.

பேச்சைத் தொடங்கும் விதத்தையும் காட்டிவிடுகிறேன். தாளை மேசையின் நடுவில், அவருக்கு நேராகத் திருப்பி வையுங்கள். உங்கள் பக்கம் தலைகீழாகத் தெரியட்டும்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு வாரமா கோடு ஒரே இடத்துல நிக்குது."

"நான் ஒழுங்கா செய்யலைங்க மேடம். வீட்ல நேரமே கிடைக்கல."

"உங்க மேல தப்பு தேடறதுக்காகக் காட்டல. நான் கொடுத்தது உங்களுக்குப் பொருந்தலையோன்னு பாக்கறேன். எதைச் செய்யறப்ப, இது நமக்கு ஒத்து வராதுன்னு தோணுச்சு?"

இந்தக் கேள்விக்கு ஒருவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "தினமும் எழுதச் சொல்றீங்களே மேடம், அந்த நோட்டை அவர் எடுத்துப் படிக்கிறார்" என்றார். அதுவரை நான் அவருக்கு எதிர்மறை எண்ணங்களைப் பட்டியலிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரோ கணவர் படித்தாலும் பரவாயில்லை என்கிற எண்ணங்களை மட்டும் எழுதி வந்திருக்கிறார். நோட்டை நிறுத்தினோம். அடுத்த நான்கு வாரத்தில் 18 இருந்த இடத்தில் 11 வந்தது.

பாருங்கள், "என் மேல குறை இருக்கா?" என்று கேட்டால் இங்கே யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். எஸ்ஆர்எஸ்ஸில் 40-க்கு 40 போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "அடுத்த தடவை எதை வேற மாதிரி செய்யலாம்?", "இன்னிக்கு எதைப் பத்திப் பேசாம விட்டுட்டோம்?" என்று கேட்டால் பதில் வரும். முதல் மாதத்தில் எஸ்ஆர்எஸ் 40-லிருந்து 35-க்கு இறங்கினால் நான் சந்தோஷப்படுவேன், என்னை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று.

ஏழாம் படி: எண்ணும் கண்ணும் ஒத்துப்போகாதபோது

சில நேரம் ஆள் தெளிவாக இருப்பார், ஸ்கோர் ஏறும். மூன்றாவது, நான்காவது செஷனில் இது சகஜம். மறைத்ததை எழுதத் தொடங்கியிருப்பார். சில நேரம் ஸ்கோர் தடாலென்று இறங்கும், ஆனால் கண்ணில் உயிர் இருக்காது. அப்போது எண்ணை நம்பாதீர்கள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு முதலாண்டு நினைவு நாள் வரும் வாரம் கோடு ஏறினால் அதைச் சிகிச்சைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வது தவறு.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2021-ல் கிம் டி யோங் குழு 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி பலன் சிறியதாகவே இருந்தது. ஆனால் பாதியில் விட்டுப்போவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆம்ஸ்டர்டாமில் அவசர மனநலப் பிரிவில் நெருக்கடியோடு வந்தவர்களிடம் ஓஆர்எஸ் முறையைச் சோதித்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நிலைகுலைந்து வந்து உட்காருபவர் கையில் முதல் வேலையாகத் தாளைத் திணிக்காதீர்கள், தண்ணீர் கொடுங்கள். இன்னொன்று, 2012-ல் நெதர்லாந்தில் இதே டி யோங் நடத்திய ஆய்வு. பின்தங்கிய கிளையன்ட்டுகளுக்குப் பலன் கிடைத்தது, வந்த தகவலை உண்மையில் எடுத்துப் பயன்படுத்திய தெரபிஸ்டுகளிடம்தான். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான், தெரபிஸ்டின் மனப்பாங்கு பலனையே மாற்றியிருக்கிறது. நான் முதல் படியை அவ்வளவு நீட்டியதற்கு இதுவே காரணம்.

எட்டாம் படி: மையத்தை நடத்துபவர்களுக்கு

நான் முன்பு வேலை செய்த ஒரு மையத்தில் ஸ்கோரை வைத்து ஆலோசகர்களுக்கு மாதாமாதம் தரவரிசை போட்டார்கள். இரண்டே மாதத்தில் எல்லோருடைய கோடும் அழகாக இறங்கியது. கடினமான ஆட்களை மெல்ல வேறு பக்கம் அனுப்பினோம். நல்ல மூடில் வந்த நாளில் மட்டும் தாள் கொடுத்தோம். நானும் செய்தேன், அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. மூன்றாவது மாதம் அந்த எண்களில் உண்மையே இல்லை.

தயவுசெய்து ஸ்கோரைச் சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் முடிச்சுப் போடாதீர்கள். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊழியர்களிடம் கொடுங்கள். கூட்டத்தில் முதலில் நீங்கள் உங்களுடைய அசையாத கோட்டை எடுத்து மேசையில் வையுங்கள். இரண்டாவது கோடு தானாக வரும்.

தாள் விடுபடுவதையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். இங்கிலாந்து 2008-ல் தன் பொதுச் சேவையில் பேச்சுச் சிகிச்சையை விரிவாக்கியபோது ஒவ்வொரு செஷனிலும் அளப்பதைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அளந்தால், சொல்லாமல் நின்றுவிட்டவர்களின் கடைசி நிலை கிடைக்காது. அப்படி நின்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக முன்னேறியவர்கள் என்று அந்தத் திட்டத்தை முன்னெடுத்த டேவிட் கிளார்க்கின் குழு கண்டது. அவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் நம் மையம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். என்னுடைய அந்த ஏழாவது வாரப் பெண்ணும் அப்படிப்பட்ட கணக்கில் வந்திருக்கவே மாட்டார்.

நம் ஊருக்கு இது சரிப்படுமா என்ற சந்தேகத்துக்குக் கோவாவைச் சொல்வேன். சங்கத் என்ற தொண்டு அமைப்பு அங்கே உளவியல் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு 6 முதல் 8 செஷன் கொடுக்க வைத்தது. அவர்கள் செஷன்தோறும் பிஹெச்க்யூ-9 எடுத்தார்கள். பலன் கிடைத்தது 2017-ல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

எப்படித் தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், வரும் வாரம் புதிதாக வரும் ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். பழைய கிளையன்ட்டிடம் நடுவில் தொடங்குவது இரண்டு பேருக்கும் சங்கடம். நான்கு செஷன் ஆனதும் இரண்டாவது ஆளைச் சேருங்கள். மூன்று மாதத்தில் பத்துப் பேர் ஆகிவிடுவார்கள், அதற்குள் கை பழகிவிடும்.

சிகிச்சை முடியும் நாளில் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கிளையன்ட் கையில் கொடுங்கள். எந்த வாரம் ஏறியது, அப்போது என்ன செய்து இறங்கினார் என்று அவர் கையெழுத்திலேயே ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் போன் செய்து அதே ஒன்பது கேள்விகளைக் கேளுங்கள். ஸ்கோர் 10-ஐத் தாண்டியிருந்தால் "வந்துட்டுப் போங்க" என்று நாளும் நேரமும் கொடுத்துவிட்டே போனை வையுங்கள்.